அக்டோபரில் தொடங்கும் காலண்டர்

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளிலேயே நானும் வேலையில் சேர்ந்தேன். பெண்கள் பள்ளி. பத்தாம் வகுப்பு அறிவியல். பிரசவ விடுப்பில் போயிருக்கும் டீச்சருக்குப் பதிலாக, ஏப்ரல் வரை.

சிவகாசி என்றதும் அம்மா பட்டாசை நினைத்துப் பயந்தாள். நான் பயந்தது தலைமையாசிரியை நீட்டிய படிவத்துக்கு. அதில் ஒரு கட்டம்: பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்ற மாதம், வருடம். சரியாக அந்த இடத்தில் பேனா எழுதவில்லை. உதறி உதறி எழுதினேன்.

தலைமையாசிரியை பெயர் ஞானசௌந்தரி. பிள்ளைகளுக்குப் ‘பெரிய டீச்சர்’. என்னைக் கையோடு கூட்டிப்போய் வாசலில் இருக்கும் பலகையைக் காட்டினார். பத்தாம் வகுப்பில் எட்டு வருடமாகத் தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி.

“இந்தப் போர்டு மேல ஒரு தூசி விழக்கூடாதும்மா. அவ்வளவுதான் நான் கேக்குறது.”

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஒலியியலை ஆரம்பித்தேன். “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுது டீச்சர்!” என்று ஓட்டுக்கூரை அதிர்கிறது. எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது.

அக்டோபர் 8, புதன்

நரம்பு மண்டலம். அனிச்சைச் செயலை விளக்க ஒரு பெண்ணை மேசையில் உட்காரவைத்து முழங்காலில் ஸ்கேலால் தட்டினேன். கால் துள்ளியது. வகுப்பே சிரித்தது. என் வாழ்க்கையின் சிறந்த பாடம் இதுதான் என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு எதிர்க்கடையில் இரண்டு பரோட்டா அதிகமாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

வாழ்க்கையின் சிறந்த பாடம் ஒரு நாள்தான் நீடித்தது.

புத்தகத்தை மூடச் சொல்லி, நேற்று படித்ததில் நினைவிருக்கும் ஐந்து விஷயங்களை எழுதச் சொன்னேன். மதிப்பெண் கிடையாது, சும்மா. முப்பத்தோரு தாளில் ‘முழங்கால்’ இருந்தது. பன்னிரண்டு தாளில் ‘டீச்சர் ஸ்கேலால் அடித்தார்கள்’. நரம்பு செல்லின் பாகங்களைச் சரியாக எழுதியவர்கள் மூன்று பேர்.

கேட்கும்போது புரிவது வேறு, மறுநாள் தலைக்குள்ளிருந்து திரும்ப எடுப்பது வேறு. சரளமாகக் காதில் விழுவதை நாம் கற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இதையெல்லாம் கல்லூரியில் அடிக்கோடு போட்டுப் படித்தவள் நான். அடிக்கோடு போட்டதால்தான் மறந்தேனோ என்னவோ.

ஒரு தாளில் பாடமே இல்லை. ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள் மட்டும். கீழே குறிப்பு: ‘டீச்சர் நேத்து 37 தடவை புரிஞ்சுதான்னு கேட்டாங்க. இதுதான் ஞாபகம் இருக்கு.’ பெயர்: முனீஸ்வரி, கடைசி பெஞ்ச்.

ஆசிரியர் அறையில் நான் சிரித்ததைப் பார்த்து, கணக்கு ஆசிரியர் செண்பகராஜன் தாளை வாங்கிப் படித்தார்.

“உங்க கிளாஸ்ல ஒழுங்கா டேட்டா எடுத்திருக்கிறது இந்தப் புள்ள ஒண்ணுதான் டீச்சர்” என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

பெரிய டீச்சர் ஒரு பட்டியல் கொடுத்தார். மெல்லக் கற்போர், ஆறு பேர். முனீஸ்வரி பெயரைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம்.

“மத்த பாடத்துல தட்டுத்தடுமாறிக் கரையேறிடுறா. அறிவியல்ல காலாண்டுக்கு எழுபத்தஞ்சுக்குப் பதினொண்ணு. அரையாண்டுல இருபது எடுக்கலைன்னா டி.சி.யைக் குடுத்துடலாம். தனித்தேர்வராப் போய் எழுதிக்கட்டும்.”

“அப்படிப் போறவங்க படிப்பையே விட்டுடுவாங்களே மேடம்.”

“எல்லாருமா விட்டுடுறாங்க?” என்று கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

நான் பட்டியலை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

செண்பகராஜன் சாருக்கு அந்த நேரம் வகுப்பில்லை. போன் ஸ்டாப்வாட்சோடு என் வகுப்பின் கடைசியில் வந்து உட்கார்ந்தார். நான்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிட்டாலும் பெரிய டீச்சர் காதுக்குப் போய்விடும் என்பதுதான் காரணம்.

“கேள்வி கேட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரம் விடுறீங்க தெரியுமா? ஒரு செகண்டுகூட இல்லை. கேக்குறதும் நீங்க, பதில் சொல்றதும் நீங்க, புரிஞ்சுதான்னு கேக்குறதும் நீங்க. பிள்ளைங்க பாவம், டிக்கெட் எடுத்துட்டு வந்த மாதிரி உக்காந்திருக்காங்க.”

அவர் கணக்கு சரிதான். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்று எப்போதோ ஓர் ஆய்வில் படித்திருக்கிறேன். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வாயே திறக்காதவர்களும் திறக்கிறார்கள்.

நாளையிலிருந்து ஒரு விதி. கேள்வி கேட்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கும்வரை என் வாய் திறக்கக் கூடாது.

அக்டோபர் 14, செவ்வாய்

ஐந்து விரல் என்பது எவ்வளவு நேரம்! மின்விசிறி கிறீச்சிடுவது கேட்கிறது, தெருவில் லாரி பின்னால் வருவது கேட்கிறது. மௌனம் எனக்குப் பழகியது என்று நினைத்திருந்தேன். அறைக்குள் தனியாக இருக்கும் மௌனம் வேறு, நாற்பத்திரண்டு பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு.

நான்காம் விரலில் ஒரு கை உயர்ந்தது. இதுவரை உயராத கை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரில் இருக்கிறேன். அம்மாவின் அதிரசம் இந்த வருடமும் கல். சொல்லவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

கை தூக்குபவர்கள் எப்போதும் அதே பத்துப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் எழுதித் தூக்கிக் காட்ட ஆளுக்கொரு வெள்ளைப் பலகை இருந்தால் யாருக்கு எது தெரியாது என்று ஒரே பார்வையில் தெரியும். ஆனால் நாற்பத்திரண்டு பலகைக்கு எங்கே போவது என்று வகுப்பில் வாய்விட்டுப் புலம்பிவிட்டேன்.

முனீஸ்வரிதான் எழுந்தாள். “வேஸ்ட் அட்டை இருக்குல்ல டீச்சர். காலண்டர் அட்டை. பின்பக்கம் வழவழன்னு வெள்ளையா இருக்கும். மார்க்கர்ல எழுதித் துணியால துடைச்சா போயிரும். எங்க தெருவுல அடுப்புக்கு மறைப்பே அதுதான்.”

இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அச்சகத்தில் வேலை செய்கிறார். நிறம் விலகி அச்சான அட்டைகளைக் கழித்துப் போட்டுவிடுவார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

நாற்பத்திரண்டு கேட்டேன், ஐம்பத்தாறு வந்தது. ஒரு முருகனுக்கு இரண்டு மயில். ஒரு லட்சுமியின் மூக்குத்தி கன்னத்துக்கு வந்திருக்கிறது. ஒரு மாதா, ஒரு மெக்கா, நிறையப் பிள்ளையார்கள், இரண்டு கைக்குழந்தைகள்.

பின்பக்கத்தில் எழுதுகிறார்கள். “மூணு, ரெண்டு, ஒண்ணு, தூக்கு!” என்றதும் ஒரே வீச்சில் உயர்கிறது. பார்த்து எழுத நேரமில்லை. பன்னிரண்டு பேர் தவறென்றால் அங்கேயே நிறுத்தி மறுபடி சொல்கிறேன். ‘புரிஞ்சுதா’வுக்கு வேலையே இல்லை. முனீஸ்வரியின் கணக்குப்படி இன்று இரண்டு முறைதான் கேட்டேனாம்.

அக்டோபர் 29, புதன்

கரைசல்கள் பாடம். “நிறைவுற்ற கரைசல்ல இன்னும் ஒரு ஸ்பூன் உப்பு போட்டா என்ன ஆகும்? எழுது. மூணு, ரெண்டு, ஒண்ணு, தூக்கு!”

தூக்கினார்கள். அதே நொடியில் பின்வாசல் வழியாகப் பெரிய டீச்சரும் பள்ளித் தாளாளரும் நுழைந்தார்கள். எனக்குத் தெரிந்தது நாற்பத்திரண்டு விடைகள். அவர்களுக்குத் தெரிந்தது நாற்பத்திரண்டு சாமிகள்.

தாளாளர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“என்னம்மா, பஜனையா?”

“கரைசல் சார்.”

வகுப்பு வெடித்தது. அவரும் சிரித்துவிட்டார். கடைசி பெஞ்சில் முனீஸ்வரி அருகில் போய், “நீ என்ன எழுதியிருக்க, காட்டு” என்றார்.

‘தெரியலை. நேத்து தெரிஞ்சுது’ என்று எழுதியிருந்தாள்.

“கமிட்டி மீட்டிங்ல எனக்கும் இதே கதைதான்” என்றார் தாளாளர். பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. தாளாளரின் காதில் ஏதோ சொன்னார். தாளாளர் முனீஸ்வரியை மறுபடி ஒரு முறை பார்த்தார், சிரிப்பு இல்லாமல்.

அக்டோபர் 30, வியாழன்

அட்டைக்குத் தடை. இடைவேளையில் ஒருத்தி ஆஞ்சநேயர் மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றிருக்கிறாள். இன்னொருத்தியின் அம்மா பார்த்துவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் சத்தம் போட்டிருக்கிறார். அவர் கோபம் நியாயம்தான். முன்பக்கம் என்ன இருக்கிறது என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

“விளையாட்டெல்லாம் போதும். வினா விடையைப் பத்துத் தடவை எழுதச் சொல்லு. முனீஸ்வரிய இருபது தடவை” என்றார் பெரிய டீச்சர்.

பத்துத் தடவை எழுதும்போது மூன்றாம் தடவையிலிருந்து கை மட்டும்தான் எழுதும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 3, திங்கள்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவைக்க வேண்டும்.

அட்டைகளைக் கட்டித் திருப்பி அனுப்புவதற்காக முனீஸ்வரியும் நானும் மாலையில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

“டீச்சர் பொறந்த நாள் என்னிக்கு?”

“ஜூலை ஒன்பது. ஏன்?”

“அடுத்த வருசம் வியாழக்கிழமை.” விரல்விட்டுக்கூட எண்ணவில்லை.

போனில் பார்த்தேன். வியாழன். பங்குனி அமாவாசை, ஆடிக் கிருத்திகை, பள்ளித் தாளாளரின் கல்யாண நாள் என்று கேட்டுக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் கிழமை சொன்னாள். நான்கைச் சரிபார்த்தேன். நான்கும் சரி.

அவள் அம்மா காலண்டர் கம்பெனியில் தினசரித் தாள் கட்டை அட்டையில் பொருத்துகிறார். தாள்கள் தேதி வரிசையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதற்குச் சில கட்டுகள் வீட்டுக்கு வரும். சமையல் ஆகும்வரை இவள் புரட்டிப் பார்ப்பாளாம்.

“சும்மா புரட்டினா தூக்கம் வரும் டீச்சர். அதனால ஒரு தாளைப் பாத்ததும் அடுத்ததத் திருப்ப மாட்டேன். என்ன கிழமை, என்ன விசேஷம்னு மனசுக்குள்ள சொல்லிட்டுத்தான் திருப்புவேன். தப்பாப் போச்சுன்னா எனக்கே கடுப்பா இருக்கும். அடுத்த கட்டுல அதே தாள் வரும்ல, அப்ப விடமாட்டேன்.”

நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது, உடனே சரிபார்ப்பது, கொஞ்சம் மறந்த பிறகு மறுபடி எடுப்பது. நான் முந்நூறு பக்கப் புத்தகத்தில் படித்ததை இவள் உலை கொதிப்பதற்குள் செய்திருக்கிறாள். இவள் பெயர்தான் மெல்லக் கற்போர் பட்டியலில் சிவப்பு வட்டத்துக்குள்.

“அறிவியலை எப்படிப் படிக்கிற?”

“நோட்டைப் பாத்துப் பாத்து எழுதுவேன் டீச்சர். அப்படித்தானே படிக்கணும்?”

நவம்பர் 4, செவ்வாய்

ஆளுக்கொரு அறிவியல் காலண்டர் செய்யப்போகிறோம்.

ஒரு நாளுக்கு ஒரு தாள். தாளில் மூன்று கேள்வி: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, அதற்கும் முந்தையதில் ஒன்று. பின்பக்கம் விடை. விடையைச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும். இந்தக் காலண்டரைக் கிழிக்கக் கூடாது. தவறாகிப் போன தாளை எடுத்துப் பத்துத் தாள் தள்ளிச் செருகிவிட வேண்டும், மறக்கத் தொடங்கும் நேரத்தில் திரும்பி வரும்.

நவம்பர் 7, வெள்ளி

தாள் வெட்டினோம், துளை போட்டோம், நூல் கோத்தோம். அந்தக் கழித்துப் போட்ட அட்டைகளிலேயே கட்டி, வகுப்புச் சுவரில் கயிறு இழுத்து வரிசையாக மாட்டியாயிற்று. இப்போது எல்லாச் சாமியும் உயரத்தில், முகம் காட்டிக்கொண்டு. பெரிய டீச்சர் வந்து வாசலில் நின்றார். தடை சொல்ல வாய் திறந்தார். கண் சுவரைச் சுற்றியது. செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தது எனக்குத் தெரிந்தது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

முனீஸ்வரி முதல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது அக்டோபர்லருந்துல்ல ஆரம்பிக்குது டீச்சர்.”

“ஆமா. நான் அப்பதானே வந்தேன்” என்றேன்.

ஏதோ கேட்க வந்தாள். மணி அடித்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

“டீச்சர், நரம்பு, அதுக்கடுத்து கரைசல், அதுக்கடுத்து எதிரொலின்னு கலந்து கலந்து வருது. ஒரே பாடமா வந்தா ஈஸியா இருக்கும்ல” என்று நான்கு பேர் மனு கொடுத்தார்கள்.

“ஈஸியா இருக்கும். ஆனா ஒட்டாது” என்றேன். தன் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்த முனீஸ்வரி, “பரீட்சையும் இப்படித்தான் கலந்து வரும், போங்கப்பா” என்று எனக்காக வழக்காடினாள்.

நவம்பர் 19, புதன்

மழை. ஓட்டிலிருந்து ஒழுகி நான்கு பிள்ளையார் நனைந்தார்கள். துடைத்துக் காயவைத்தோம்.

எதிரொலி கேட்கச் சுவர் ஏன் குறைந்தது பதினேழு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று முனீஸ்வரி பக்கத்து பெஞ்சுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். “சத்தம் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குக் கொஞ்சமாவது இடைவெளி வேணும்டி. இல்லைன்னா முதல் சத்தத்தோட ஒட்டிக்கிரும். காதுக்குத் தனியாத் தெரியாது.” நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

“இவ்வளவு புத்தகம் எப்ப டீச்சர் படிச்சீங்க?” என்று கேட்டார் செண்பகராஜன் சார். அவர் இன்று நீலச் சட்டை.

“நேரம் இருந்துச்சு” என்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். பத்தாம் வகுப்பில், பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால், அவள் அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அவர் டி.சி.யை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவளைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு மிதித்தார். அதன்பிறகு ஒரு வருடத்துக்குமேல் அவள் ஊர் நூலகத்திலேயே உட்கார்ந்து, பாடப்புத்தகத்தைத் தவிர அங்கிருந்த எல்லாவற்றையும் படித்தாள். நூலகர் சாப்பிடப் போகும்போது சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்.

அவளைப் பற்றி இவ்வளவு போதும்.

டிசம்பர் 3, புதன்

சுவரில் யார் தாள் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முனீஸ்வரி எல்லோரையும்விட நான்கு நாள் முன்னால். இருபது என்ன, முப்பதே எடுப்பாள்.

டிசம்பர் 17, புதன்

அரையாண்டு அறிவியல் தேர்வு. கண்காணிக்க எனக்கு வேறு அறை போட்டுவிட்டார்கள். வெளியே வந்த முனீஸ்வரியிடம் “எப்படி?” என்றேன்.

“பாதி நம்ம காலண்டர் டீச்சர்.”

மீதிப் பாதி பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 20, சனி

மதிய வெயிலில் மாடிப்படியில் உட்கார்ந்து திருத்தினேன். அவள் தாளைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன்.

நரம்பு, ஹார்மோன், ஒலி, கரைசல். சில பிழைகள், ஆனால் எங்கேயும் வெற்றிடம் இல்லை. எதிரொலிக்கு முழு மதிப்பெண். அடுத்து ஒளியியல். வெற்றிடம். இயக்க விதிகள். வெற்றிடம். வெப்பம், அணுக்கள், தாவரம்: அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒளியியல் கேள்விக்குக் கீழே தினசரித் தாள் மாதிரி ஒரு சின்னக் கட்டம் வரைந்து, உள்ளே எழுதியிருந்தாள்: ‘இந்தத் தாள் நம்ம காலண்டர்ல இல்லை டீச்சர்.’

கூட்டினேன். பதினெட்டு. மறுபடி கூட்டினேன். பதினெட்டு.

செண்பகராஜன் சாருக்குப் போன் செய்தேன். “ரெண்டுதானே? ஏதாவது ஒரு படத்துக்குப் போட்டுவிடுங்க, யாரு பாக்கப் போறா” என்றார்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மதிப்பெண்ணைச் செருகினால் இந்தக் கட்டம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும். அன்று அவள் கேட்டாள், ‘அக்டோபர்லருந்துல்ல ஆரம்பிக்குது’ என்று. ஐந்து விரல் மடக்கியிருந்தால் அடுத்த வாக்கியம் வந்திருக்கும். ஒரு நொடியில் பதில் சொல்லி வாயை அடைத்தது நான். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை நடந்த பாடங்களை, நான் நடத்தவில்லை என்பதற்காக, இல்லாதவையாக்கிவிட்டேன். இந்த ஊரில் எந்தக் காலண்டர்காரரும் செய்யாத தவறு.

டிசம்பர் 22, திங்கள்

பெரிய டீச்சர் அறை. மேசையில் டி.சி. புத்தகம். வெளியே பெஞ்சில் முனீஸ்வரியின் அம்மா, அச்சு மை படிந்த விரல்களைச் சேலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.

“பதினெட்டா?”

“பதினெட்டு மேடம்.” தாளை நீட்டினேன். அக்டோபரிலிருந்து நடந்த பாடங்களைப் பச்சை மையில் சுற்றியிருந்தேன். “பச்சைக்குள்ள இருபத்திரண்டுக்குப் பதினஞ்சு. வெளியில ஐம்பத்து மூணுக்கு மூணு. தப்பு என்னோடது. காலண்டர்ல அந்த நாலு மாசத்தை நான் போடலை.”

அவர் பேனா முனையால் ஒவ்வொன்றாக எண்ணினார். அவசரமாக எண்ணுகிறவர் இல்லை.

“மிச்ச நாலு மாசத்துக்கும் தாள் போட்டுக் குடுத்தா, ஜனவரித் திருப்புதல் தேர்வுல இவ எவ்வளவு எடுப்பான்னு நினைக்கிறீங்க மேடம்?”

கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டினேன். ஒன்று. இரண்டு. வெளியே பெஞ்ச் நகர்ந்தது. மூன்று. வாய்வரைக்கும் ஆயிரம் வாக்கியங்கள் வந்தன. நான்கு.

“இருபதைத் தாண்டிருவா” என்றார், தாளைப் பார்த்தபடியே. பிறகு நிமிர்ந்தார். “பின்னால என்ன விரலை மடக்கிக்கிட்டு நிக்கிறே? என் கிட்டயே வித்தையா?”

எனக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன.

“உன் சர்டிபிகேட்டைச் சரிபார்த்தது நான்தான். மார்ச் இருக்க வேண்டிய இடத்துல வேற மாசம் இருந்துச்சு. எல்லாருமா விட்டுடுறாங்கன்னு அன்னைக்கே கேட்டேன். நீ வாயைத் திறக்கலை.”

நான் மேசையிலிருந்த டி.சி. புத்தகத்தைப் பார்த்தேன்.

“உனக்காக யாரும் இப்படி ஒரு தாளைத் தூக்கிட்டு வந்து நிக்கலையோ?”

இந்த முறை காத்திருந்தது அவர். என் ஐந்து விரலும் மடங்கி, மறுபடி விரிந்தன.

அவர் டி.சி. புத்தகத்தை மேசை அறைக்குள் போட்டார். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலை இழுத்து, அதிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்த முனீஸ்வரியின் பெயருக்கு நேராக டிக் அடித்தார்.

“ஜனவரியில இருபது வரலைன்னா நானே உன் வகுப்புல வந்து உக்காருவேன். போர்டு மேல தூசி விழுந்தா… துடைச்சுக்கலாம். அவ அம்மாவ உள்ள வரச் சொல்லு.”

எந்த மாதம் என்பதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

“லீவுல போன் பண்ணலாமா?” என்று கேட்டார் செண்பகராஜன் சார். ஐந்து விரல் மடக்கினேன். காத்திருந்தார். பண்ணலாம் என்றேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முடிந்தது. இன்னும் செப்டம்பர். அம்மா நூல் கோத்துக் கொடுக்கிறாள். “ஸ்கூல் வேலையா, கம்பெனி வேலையாடி?” என்கிறாள்.

ஜனவரி 5, திங்கள்

பள்ளி திறந்தது. முனீஸ்வரி எல்லோருக்கும் முன்னால் வந்து, நாற்காலி மேல் ஏறி, புதுத் தாள்களைப் பழைய தாள்களுக்கு முன்னால் கோத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், பெரிய டீச்சர் எங்கம்மாகிட்ட என்னமோ சொன்னாங்களாம். ‘உன் மகளுக்கு வாய்ச்ச டீச்சர் மாதிரி அந்த டீச்சருக்கே வாய்க்கலை’ன்னு. எங்கம்மாவுக்கும் புரியலை, எனக்கும் புரியலை. அப்படின்னா என்ன டீச்சர்?”

“ஒண்ணுமில்ல, அவங்க சும்மா…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அவள் ஒரு கையால் கயிற்றைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. தோள் லேசாக அசைந்தது. ஒரு முறை. கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. விரல்கள் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் எதை எண்ணுகிறாள் என்று இந்த வகுப்பில் யாருக்குத்தான் தெரியாது?

நான்காவது அசைவில் சொல்லிவிட்டேன். நான்காக மடித்த டி.சி., சைக்கிள், நூலகச் சாவி எல்லாவற்றையும். மாதம், வருடம் உட்பட.

“அவ்வளவுதானா டீச்சர்? நான் வேற என்னமோ பெருசா நெனச்சேன்” என்றாள் முனீஸ்வரி, ஜூன் மாதத்தைக் கயிற்றில் மாட்டிக்கொண்டே.